அந்தரங்க முடி: கல்யாணப் பேக்கேஜில் தொடங்கி லேபர் வார்டு வரை

கல்யாணம் நிச்சயமானதும் பார்லரில் ஒரு அட்டையை நீட்டுவார்கள். ஃபேஷியல், பெடிக்யூர், ஃபுல் ஆர்ம்ஸ், ஃபுல் லெக்ஸ் என்று போகிற பட்டியலில் கடைசி வரி பிகினி வேக்ஸ். "இதையும் சேர்த்துக்கலாம்ல மேம், இப்ப எல்லா பிரைடும் பண்றாங்க" என்று சொல்லும்போது பார்லர் பெண்ணின் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும். அம்மாவிடம் கேட்க முடியாது. அக்காவிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். தோழிகளிடம் கேட்டால், "ஐயோ, நீ இன்னும் எடுக்கவே இல்லையா?" என்பார்கள். அதோடு முடிந்தது, அன்று ராத்திரியே பாத்ரூமில் ரேஸர். அதற்கப்புறம் நடப்பவை கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே வரிசையில்தான் நடக்கின்றன: பரு, அரிப்பு, மெடிக்கல் ஷாப் டியூப், கருமை, ஸ்கின் டாக்டர், லேசர் அட்வான்ஸ். ஐம்பது ரூபாய் ரேஸரில் தொடங்குவது சில மாதத்தில் ஐந்திலக்கத்தைத் தொட்டுவிடும். வெளியே சொல்ல முடியாத எரிச்சலும் வெட்கமும் தனிக்கணக்கு. இதையெல்லாம் யாரிடமும் கேட்காமல் தனியாகக் கடந்தபின், முன்னாடியே ஒருத்தர் உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே என்று தோன்றியவற்றை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், சுத்தத்துக்காக எடுக்க வேண்டும் என்கிற பேச்சு. 2016-ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் எடுத்த கணக்கு வெளியானது. அந்தரங்க முடியைக் குறைக்கவோ எடுக்கவோ செய்தவர்களில் 59 சதவீதம் பேர் சொன்ன காரணம் சுகாதாரம்தான். அங்கேயும் அதே நம்பிக்கை. ஆனால் மருத்துவத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. அந்த முடி உராய்வைக் குறைக்கிறது, தோலோடு தோல் நேராகத் தேயாமல் பார்த்துக்கொள்கிறது. வியர்வை வாடை முடியிலிருந்து பிறப்பதில்லை, அங்குள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகளின் கசிவைக் கிருமிகள் சிதைப்பதால் வருகிறது. தினமும் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காட்டன் உள்ளாடையை மாற்றினால் முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுத்தம் ஒன்றுதான். பிறப்புறுப்பின் உட்பாதை தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதன் அமிலத்தன்மை பி.எச். 3.8 முதல் 4.5 வரை (பி.எச். 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்). அங்கே டெட்டால், வாசனை சோப்பு, 'இன்டிமேட் வாஷ்' என்று எதை விட்டாலும் அந்தச் சமநிலைதான் கெடும்.

அதனால் எடுக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. மாதவிடாய் நாளில் பேடில் முடி ஒட்டி இழுக்கிறது என்பது உண்மையான தொல்லை. வெயில் காலத்தில் கசகசப்பாக இருக்கிறது என்பதும், பார்க்கப் பிடித்திருக்கிறது என்பதும் காரணம்தான். இஸ்லாத்தில் இந்த முடியை நீக்குவது மார்க்கம் காட்டும் தூய்மையில் ஒன்று, நாற்பது நாளைத் தாண்டவிடக் கூடாது என்று ஹதீஸில் வரையறையே உண்டு. சீக்கியர்களுக்கோ உடலின் எந்த முடியையும் வெட்டாமல் விடுவதுதான் நெறி. இத்தனை பேர் இத்தனை விதமாக வாழ்கிறபோது "எல்லாரும் பண்றாங்க" என்ற வாதம் எங்கே நிற்கும்? முழுக்க வழித்தெடுப்பதுதான் இயல்பு என்ற எண்ணம் பரவியதில் விளம்பரத்துக்கும் ஆபாசப் படங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. ஜில்லெட் பெண்களுக்கென்று தனி ரேஸர் விற்க ஆரம்பித்தது 1915-ல், அப்போது குறி அக்குள் முடிதான். முன்னும் பின்னும் மொத்தமாக எடுக்கும் 'பிரேசிலியன்' வேக்ஸ் 1987-ல் நியூயார்க்கில் ஒரு சலூனில் தொடங்கி உலகம் சுற்றியது. பார்லர் பட்டியலில் இருக்கிற இந்த வேக்ஸைப் பாட்டி காலத்துப் பழக்கம் என்று சொல்ல முடியாது.

கணவனோ, கட்டிக்கொள்ளப் போகிறவனோ கேட்டால்? விருப்பத்தைச் சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு, முடிவு உங்களுடையது. "ட்ரிம் பண்ணிக்கிறேன், அதுக்கு மேல எனக்கு ஒத்துக்காது" என்ற ஒரு வாக்கியம் போதும். "சரி, நீங்களும் பண்றீங்களா?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கேலி செய்வது, அருவருப்புக் காட்டுவது, எடுத்தால்தான் பக்கத்தில் வருவேன் என்பது எல்லாம் முடியைப் பற்றிய பேச்சே இல்லை.

எடுப்பது என்று முடிவானால், தொந்தரவு மிகக் குறைவான வழி ட்ரிம்மர்தான். கார்டு (பிளேடுக்கு மேல் மாட்டும் சீப்பு போன்ற மூடி) மாட்டிய ட்ரிம்மரில் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை விட்டு வெட்டினால் தோலை பிளேடு தொடாது. பேடில் ஒட்டாது, வியர்வையும் தேங்காது. குளிப்பதற்கு முன், முடி காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். ஈர முடி படிந்துகொள்வதால் ஒரே அளவில் வெட்டுப்படாது. மடிப்புள்ள இடங்களில் மட்டும் ஒரு கையால் தோலைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மடிப்பு பல்லுக்குள் சிக்கிக் கிழியும். கத்தரிக்கோல்தான் இருக்கிறது என்றால், முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, சீப்பை முடிக்கடியில் கொடுத்து, சீப்புக்கு மேலே இருப்பதை மட்டும் வெட்டுங்கள். தாடிக்கு வாங்கியதைப் பகிராமல் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஆண்களுக்கும் இதே முறைதான். விதைப்பையின் தோல் தளர்ந்து சுருங்கிக் கிடப்பதால் அங்கே ரேஸர் வைப்பதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

ரேஸர்தான் வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய. நீள முடியில் நேராக ரேஸரைப் போட்டால் பிளேடு அடைத்துக்கொண்டு இழுக்கும், அதனால் முதலில் ட்ரிம் செய்துவிட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறட்டும். வாசனையில்லாத ஷேவிங் ஜெல்லைத் தடவி இரண்டு நிமிடம் விடுங்கள். சோப்பு நுரை போதாது, அது சீக்கிரம் காய்ந்து பிளேடைச் சறுக்க விடாது. முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல், சின்னச் சின்ன இழுப்பாக எடுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடைக் கழுவுங்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பிறப்புறுப்பின் உள் இதழ் ஈரத்தோல், அங்கே ரேஸருக்கும் கிரீமுக்கும் வேக்ஸுக்கும் வேலையே இல்லை. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர் விட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசனையற்ற மாய்ஸ்சரைசர் தடவுங்கள். ஆஃப்டர்ஷேவோ பவுடரோ வேண்டாம். அன்றைக்கு லெக்கிங்ஸ், ஜீன்ஸ், ஜிம் மூன்றுக்கும் லீவு. பிளேடை ஐந்து முதல் ஏழு ஷேவுக்குள் மாற்றிவிட வேண்டும், ஈரமான பாத்ரூம் அலமாரியில் போட்டுவைக்கக் கூடாது. அடுத்தவர் ரேஸரைத் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி வழியாக ஹெபடைடிஸ் பி பரவும்.

இத்தனையும் செய்தாலும் இரண்டாம் மூன்றாம் நாளில் முள் குத்துவது போன்ற அரிப்பு வரும். முடி தடிமனாக முளைப்பதால் அல்ல. இயற்கையான முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். பிளேடு வெட்டியது மொட்டையாக நிற்கும், அதுதான் குத்துகிறது. ஷேவ் செய்யச் செய்ய அடர்த்தியாகும் என்பதில் உண்மையில்லை. அந்தரங்க முடி சுருண்டு வளர்வதால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்டிய நுனி வெளியே வந்து வளைந்து பக்கத்துத் தோலிலேயே இறங்கும். தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட ஷேவ் செய்தால் இன்னும் மோசம். கையை விட்டதும் முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும், பிறகு வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே முடி முளைக்கும் குழியின் சுவரைக் குத்தும். உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து வீங்குகிறது. ஐந்து பிளேடு ரேஸர் "அவ்வளவு ஸ்மூத்" என்று விளம்பரப்படுத்தும் அந்த ஒட்ட ஷேவ்தான் இங்கே வினை.

பரு வந்துவிட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை, முடி எடுப்பதை நிறுத்துவது. குறைந்தது நாலு வாரம் விட்டால் பெரும்பாலான முடி தானே வெளியே வந்துவிடும். சூடு பொறுக்கிற தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை வையுங்கள். முடி வளையமாக மேலே தெரிந்தால் மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் அந்த வளையத்தைத் தூக்கிவிடலாம். பிடுங்கினால் அடுத்த முடியும் அதே வழியில் திரும்பி வளரும். தெரியாத முடியைத் தேடி நகத்தால் நோண்டினால் சீழ் உள்ளே பரவும், தழும்பு நிற்கும். சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால், கட்டி கல் போல இறுகி நடக்கவே வலித்தால் அன்றே டாக்டர். சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று: தொடையிடுக்கிலும் அக்குளிலும் மாறி மாறி ஆழமான கட்டிகள் வந்து உடைந்து, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? அதற்கு ஷேவிங் மேல் பழி போட்டுவிட்டு இருக்காதீர்கள். ஹைட்ரடினைடிஸ் சப்புரேட்டிவா என்ற நாள்பட்ட தோல் நோய் அப்படித்தான் இருக்கும். "சூட்டுக் கட்டி" என்று வருஷக்கணக்கில் விட்டுவிட்டுப் பிறகு அவதிப்படுகிறவர்கள் நிறைய.

மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்கும் இடம்தான் இந்த வரிசையிலேயே ஆபத்தானது. ஆண் கடைக்காரரிடம் எந்த இடம் என்று சொல்ல வாய் வராது, "தோல்ல அரிப்பு" என்போம். கையில் வரும் டியூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சைக்கொல்லி, கூடவே குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு. ஒரே ராத்திரியில் அரிப்பு அடங்கும், அதனால் அதன்மேல் நம்பிக்கை வந்துவிடும். தொடையிடுக்குத் தோல் மெல்லியது, எப்போதும் மூடியே இருப்பது. அதனால் மற்ற இடங்களைவிட அங்கே ஸ்டீராய்டு பல மடங்கு உறிஞ்சப்படுகிறது. சில வாரங்களில் தோல் மெலிந்து, பிரசவக் கோடு போல நிரந்தரக் கோடுகள் விழும். உண்மையில் அது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் மறைத்துவிட்டு பூஞ்சையை வளரவிடும். பழைய வட்ட வடிவம் மாறிப்போய் டாக்டரே கண்டுபிடிக்கத் திணறுவார். 2018-லேயே மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அது கவுண்டரில் எந்த அளவுக்கு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் டாக்டர் எழுதாமல் அந்த இடத்தில் தடவாதீர்கள்.

அதே கடையில் கருமைக்கும் ஒரு கிரீம் கிடைக்கும். அந்த இடம் நம் எல்லாருக்கும் மற்ற தோலைவிடக் கருப்புதான். பருவமடையும்போது ஹார்மோன் செய்கிற வேலை அது. ஷேவ் பருவால் வந்த கறை வேறு, அது முடி எடுப்பதை நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். வெளுக்கும் கிரீமிலும் பல சமயம் அதே ஸ்டீராய்டுதான் இருக்கிறது.

ஹேர் ரிமூவல் கிரீம் வலிக்காதே என்று போகிறவர்களுக்கு: அதில் இருப்பது தயோகிளைகோலேட் உப்பும் காரமும். அதன் பி.எச். 12-ஐ ஒட்டி இருக்கும். முடியின் புரதக் கட்டை அது கரைக்கிறது. தோலும் அதே குடும்பத்துப் புரதம்தான், நேரம் தாண்டினால் தோலையும் கரைக்கும். அட்டையில் பிகினி பகுதிக்கு என்று எழுதியிருந்தால் மட்டும், அதுவும் வெளிப்புறத்துக்கு மட்டும். முதல் நாள் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, 24 மணி நேரம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நேரத்தை மனசில் எண்ணாமல் செல்போனில் அலாரம் வையுங்கள். எரிய ஆரம்பித்தால் நிமிடம் பாக்கி இருந்தாலும் உடனே கழுவிவிட வேண்டும். முந்தைய நாள் ஷேவ் செய்த தோலில் தடவினால் எரிச்சலுக்குச் சொல்லவே வேண்டாம்.

வேக்ஸுக்கு முடி 6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் வேரோடு வராமல் பாதியில் அறுந்து, தோலுக்குள் வளரும் முடியால் வரும் பரு இன்னும் கூடும். பார்லரில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வேக்ஸ் டப்பாவுக்குள் போகும் குச்சி. ஒருமுறை உங்கள் தோலைத் தொட்ட குச்சி திரும்ப டப்பாவுக்குள் போகிறது என்றால், உங்களுக்கு முன்னால் படுத்தவரைத் தொட்டதும் அதே டப்பாவுக்குள்தான் போயிருக்கும். "புதுக் குச்சி எடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள், முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சூட்டை முன்கையின் உள்பக்கத்தில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேக்ஸோடு தோலும் உரிந்து வரும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் வரை வேண்டாம். பேக்கேஜ் காசு கொடுத்தாகிவிட்டது என்பதற்காகப் பொறுத்துக்கொண்டு படுக்க வேண்டிய அவசியமில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் முதன்முறையாக வேக்ஸ் செய்வது போல மோசமான யோசனை கிடையாது. வீக்கமும் பருவும் முகூர்த்தத்தன்றுதான் உச்சத்தில் இருக்கும்.

லேசர் பற்றி. முடியின் கருப்பு நிறமிதான் லேசரின் இலக்கு. நம் தோலிலும் அதே நிறமி இருப்பதால் கருவி தப்பானால் தோல்தான் வேகும். மாநிறத்துக்கும் அதற்கு மேலும் 1064 நானோமீட்டர் அலைநீள என்டி யாக் லேசர் பாதுகாப்பானது. 810 நானோமீட்டர் டயோடும் கைதேர்ந்தவர் பயன்படுத்தினால் சரிவரும். ஐ.பி.எல். என்று சொல்கிற ஒளிக்கருவி கருத்த தோலில் தீப்புண்ணும் வெள்ளைத் தழும்பும் தரக்கூடியது. என்ன மெஷின், என்ன அலைநீளம், இயக்குவது யார், அசம்பாவிதம் ஆனால் பார்க்கும் தோல் டாக்டர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். "லேட்டஸ்ட் டெக்னாலஜி மேம்" என்ற பதிலோடு நின்றால் கிளம்பிவிடுங்கள். ஆறிலிருந்து எட்டு சிட்டிங் ஆகும், இடையில் நாலிலிருந்து எட்டு வாரம். அதற்கு நாலு வாரம் முன்பிருந்தே வேக்ஸோ பிடுங்குவதோ கூடாது, வேர் இருந்தால்தான் லேசருக்கு இலக்கு இருக்கும். முடி குறையும், நிரந்தரமாகக் காணாமல் போகாது. பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்குப் புது முடி முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதை எந்த விற்பனைப் பெண்ணும் சொல்வதில்லை. முடி தொப்புள் வரை தடித்து ஏறி, மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனால், லேசருக்குக் கட்டும் பணத்தில் முதலில் ஹார்மோன் டெஸ்ட் எடுங்கள். மொத்தப் பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டுவதுதான் பணம் தொலையும் வழி. கர்ப்பமானால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள், கட்டியது திரும்பாது. சிட்டிங்குக்கு சிட்டிங் கட்டுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும்.

கடைசிக் கட்டம் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் மாத வயிற்றை வைத்துக்கொண்டு, பாத்ரூமில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு தடவித் தடவி ஷேவ் செய்கிற பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். "ஷேவ் பண்ணிட்டு வரலையாம்மா? வீட்ல சொல்லித் தரலையா?" என்று லேபர் வார்டில் கேட்டுவிடுவார்களே என்ற பயம். அந்தப் பழக்கம் நூறு வருஷத்துக்கு முந்தைய பிரசவக் காய்ச்சல் பயத்தில் வந்தது. ஷேவ் செய்வதால் தொற்று குறையவில்லை என்று 1922-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக ஷேவ் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் சொல்கிறது. அறுவை சிகிச்சைக்கும் அப்படித்தான். முடியை எடுக்கவே வேண்டாம், கட்டாயமானால் கிளிப்பரில் (ட்ரிம்மர் போன்ற கருவி) வெட்டுங்கள், ரேஸர் வேண்டாம் என்பது அதே நிறுவனத்தின் 2016 பரிந்துரை. முதல் நாள் ராத்திரி ரேஸர் போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் காலைக்குள் கிருமி பெருகியிருக்கும், அதன்மேல்தான் கத்தி வைப்பார்கள்.

செக்கப்புக்கோ, பாப் ஸ்மியர் என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கோ, காப்பர் டி போடவோ முடி எடுத்திருக்க வேண்டியதே இல்லை. "எடுக்கல, அடுத்த வாரம் போலாம்" என்று வெள்ளைப்படுதலையும் ரத்தக்கசிவையும் தள்ளிப்போடுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். முந்தின நாள் ஷேவ் செய்துவிட்டுப் போனால், கிருமிநாசினி வைத்துத் துடைக்கும்போது எரிவதுதான் மிச்சம்.

பிரசவத்துக்கு, தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் கார்டு மாட்டிய ட்ரிம்மரில் ஒருமுறை குறைத்துவிட்டால் போதும். வயிறு மறைத்தால் நம்பிக்கையானவரிடம் கேளுங்கள், வழுக்கும் பாத்ரூமில் குந்தி உட்கார வேண்டாம். ஏழாம் எட்டாம் மாத செக்கப்பிலேயே டாக்டரிடம், "எனக்கு ஷேவ் பண்ண வேண்டாம், தேவைப்பட்டா கிளிப்பர் மட்டும்" என்று சொல்லி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். வலி எடுத்தபின் வார்டில் வாதாட யாருக்கும் தெம்பு இருக்காது. அட்மிஷனில் யாராவது ரேஸரோடு வந்தால் கூட இருக்கும் அம்மாவோ அக்காவோ ஃபைலில் எழுதிய அந்தப் பக்கத்தைக் காட்டட்டும். சிசேரியன் என்றால் கீறல் போடும் இடத்தை ஒட்டிய முடியை மட்டும் தியேட்டருக்குப் போகும் முன் கிளிப்பரில் எடுத்தால் போதும், கீழே எதையும் தொட வேண்டியதில்லை. சுகப்பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் முழுக்க வழித்த முடி முளைக்கத் தொடங்கும் நேரமும் தையல் இழுக்கும் நேரமும் ஒன்றாக வரும். பேடு வேறு உரசும். ட்ரிம் மட்டும் செய்தவர்களுக்கு இந்த அரிப்பு இருக்காது. தையல் ஆறும் வரை, கிட்டத்தட்ட ஆறு வாரம், அந்தப் பக்கம் எந்தக் கருவியும் வேண்டாம்.